ஹோம் விசிட்டிங் துறையில் போஸ்ட்டாக்: கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் வீட்டுப் படியேறுவது வரை

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு நர்ஸம்மா வருவது நமக்குப் புதிதில்லை. தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர், இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர், இந்தியாவின் பல மாநிலங்களில் ஆஷா. வருவார், குழந்தையைத் தூக்கிப் பார்ப்பார், தடுப்பூசி அட்டையைப் புரட்டுவார், "பால் ஒழுங்கா குடிக்கிறானா?" என்று கேட்பார், கொஞ்ச நேரம் பேசிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். இதே வேலை அமெரிக்காவில் ஒரு தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே அதற்கு ஹோம் விசிட்டிங் என்று பெயர். கர்ப்ப காலத்திலிருந்தோ குழந்தை பிறந்த சில வாரங்களிலிருந்தோ பயிற்சி பெற்ற ஒருவர் மாதக்கணக்கில், சில திட்டங்களில் ஆண்டுக்கணக்கில், ஒரே குடும்பத்தைத் தேடிப் போய்ச் சந்திப்பார்.

செவிலியம், பொதுச் சுகாதாரம், உளவியல், சமூகப்பணி, பொருளாதாரம் இவற்றில் முனைவர் பட்டம் முடிக்கப்போகிறவர்கள் இந்தத் துறையில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) செய்ய நினைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை விளம்பரங்களில் 'ஹோம் விசிட்டிங் போஸ்ட்டாக்' என்று போட்டிருப்பதை அரிதாகத்தான் பார்ப்பீர்கள். இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவை தாய்சேய் நலம், தடுப்பு அறிவியல், குழந்தை வளர்ச்சி, குடும்பக் கொள்கை என்று வேறு வேறு பெயர்களுக்குப் பின்னால் இருக்கின்றன. கையில் தெளிவான ஒரு கேள்வி இருப்பவருக்குத்தான் அவை கண்ணில் படும்.

முதல் படி: ஒன்றோடொன்று முரண்படும் ஆய்வுகளைச் சேர்த்து வாசியுங்கள்

வாசிப்பை எல்மைராவிலிருந்து தொடங்கலாம். நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிறு நகரம் அது. 1970களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர் அங்கே 400 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினர் வீட்டுக்குச் செவிலியர்களை அனுப்பினார். குழந்தைகளுக்கு 15 வயதானபோது திரும்பிப் பார்த்தால், செவிலியர் போய்வந்த குடும்பங்களில் குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு பற்றிய உறுதிசெய்யப்பட்ட புகார்கள் 48 சதவீதம் குறைவு. பிறகு மெம்ஃபிஸில், பெரும்பாலும் கறுப்பினத் தாய்மாரிடையே இன்னொரு ஆய்வு. அதன் பின் 1994 வாக்கில் டென்வரில் மூன்றாவது. அங்கே செவிலியரையும், செவிலியர் படிப்பு இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற பணியாளரையும் தனித்தனிக் குழுக்களுக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள். செவிலியர் போன குழுவில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. இன்று நர்ஸ்-ஃபேமிலி பார்ட்னர்ஷிப் என்று அழைக்கப்படும் திட்டம் இந்த மூன்று ஆய்வுகளின் மேல்தான் நிற்கிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும். அதே திட்டத்தை இங்கிலாந்து, ஃபேமிலி நர்ஸ் பார்ட்னர்ஷிப் என்ற பெயரில், பதின்ம வயதுத் தாய்மாருக்காக எடுத்துச் சென்றது. பில்டிங் பிளாக்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2016-இல் லான்செட் இதழில் வந்தது. புகைபிடித்தல், பிறப்பு எடை, அடுத்த கர்ப்பம், குழந்தையின் மருத்துவமனைச் சேர்க்கை ஆகிய நான்கு முதன்மை அளவீடுகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஏழைத் தாய்மாரிடையே இதே திட்டத்தை வைத்து நடந்த பெரிய ஆய்வும், பிறப்பு நேரச் சிக்கல்கள் குறையவில்லை என்று 2022-இல் சொன்னது. மறுபக்கம் ஜமைக்காவைப் பாருங்கள். 1980களின் நடுவில் சாலி கிரந்தம்-மெக்ரெகர் குழுவினர், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போய், வீட்டில் செய்த பொம்மைகளோடு தாயையும் பிள்ளையையும் விளையாட வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதில் ஒப்பீட்டுக் குழுவைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று 2014-இல் தெரியவந்தது.

ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் ஏன் பலிக்கவில்லை? இங்கிலாந்து விஷயத்தில் அடிக்கடி சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. அங்கே எந்தத் தாய்க்கும் இலவச மருத்துவமும், வீடு தேடி வரும் ஹெல்த் விசிட்டர் என்ற செவிலியரும் ஏற்கெனவே கிடைக்கின்றன. ஒப்பீட்டுக் குழுவே நல்ல நிலையில் இருந்தால் புதுத் திட்டம் காட்டக்கூடிய வித்தியாசம் சுருங்கிவிடும். இது எனக்கும் ஏற்புடையதாகவே படுகிறது, ஆனால் முழு விளக்கமாகப் படவில்லை. நேர்காணலில் இந்த முரண்பாட்டைப் பற்றி ஐந்து நிமிடம் நிதானமாகப் பேச முடிந்தால், நீங்கள் துறைக்குள் வந்துவிட்டவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாம் படி: உங்கள் கேள்வியை இரண்டு வரியில் எழுதுங்கள்

"குழந்தை நலத்தில் ஆர்வம் உண்டு" என்பது கேள்வி ஆகாது. இப்போது திறந்து கிடக்கும் சில கேள்விகளைச் சொல்கிறேன். உங்களுடையது இவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

முதலாவது, குடும்பங்கள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன என்பது. அமெரிக்க அரசின் நிதியில் நடந்த மைஹோப் ஆய்வு 12 மாநிலங்களில் நான்கு பெரிய திட்டங்களை ஒன்றாகச் சோதித்தது. சராசரிப் பலன்கள் சிறியவையாகவே இருந்தன. திட்டமிட்ட எண்ணிக்கையில் சந்திப்புகள் நடக்கவில்லை என்பதும் அதில் தெரிந்தது. கதவைத் திறக்காத தாய், வீடு மாறிப்போன தாய், வேலைக்குத் திரும்பிய தாய் என்று ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு. இன்னொரு பக்கம் வீட்டுக்குப் போய்ச் சந்திக்கும் வருகையாளரே வேலையை விட்டுப் போகிறார். நம்பிக்கை வைத்துப் பேசத் தொடங்கிய பிறகு ஆள் மாறினால் அந்தத் தாய் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு சந்திப்பில் எது வேலை செய்கிறது என்பது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் மேரி டோசியர் உருவாக்கிய ஏபிசி என்ற திட்டம் வெறும் 10 சந்திப்புகள்தான். தாய் குழந்தையோடு இருக்கும் அந்தக் கணத்திலேயே, "அவன் அழுததும் தூக்கினீங்களே, அதுதான் அவனுக்குத் தைரியம் கொடுக்குது" என்பதுபோல் பயிற்சியாளர் சொல்வார். ஒளிப்பதிவைப் போட்டு அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாக எண்ணித் தரம்பிரிக்கிறார்கள். திட்டத்தை மொத்தமாக எடை போடாமல் அதன் உள்ளே இருக்கும் சத்து எது என்று தேடும் இந்த வழிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆன் டக்கன் முன்னின்று வளர்த்த ஹார்க் என்ற ஆய்வுக் கூட்டமைப்பு, எந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதையே மையமாக வைத்திருக்கிறது.

மூன்றாவது, எல்லோருக்குமா, தேவைப்படுவோருக்கு மட்டுமா என்பது. வட கரோலினாவின் டர்ஹம் மாவட்டத்தில் 2009-10-இல் நடந்த ஆய்வின் எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும். இரட்டைப்படைத் தேதியில் பிறந்த குழந்தைகளின் வீட்டுக்குச் செவிலியர் போனார், ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்களின் வீட்டுக்குப் போகவில்லை. ஏழை, பணக்காரர் என்ற பாகுபாடே இல்லை. அதுதான் இன்று ஃபேமிலி கனெக்ட்ஸ் என்ற பெயரில் பரவியிருக்கிறது.

பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த கேள்வி காணொளிச் சந்திப்பு. 2022 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தத் துறைக்கான மீக்வி என்ற கூட்டாட்சித் திட்டத்தைப் புதுப்பித்தபோது, ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போக வேண்டும் என்று விதித்தது. மற்றச் சந்திப்புகள் திரையில் நடந்தால் எது குறைகிறது, எது குறைவதில்லை என்று கண்டறிய நிறைய வேலை மீதம் இருக்கிறது.

இரண்டு வரி எழுதியதும், துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.

மூன்றாம் படி: பணம் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்

என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) நடத்தும் ரிப்போர்ட்டர் என்ற இலவசத் தரவுத்தளத்தைத் திறந்து, வீட்டுச் சந்திப்பு சார்ந்த சொற்களைப் போட்டுத் தேடுங்கள். யாருக்கு எந்த ஆய்வுக்கு எவ்வளவு நிதி, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் வரும். ஐந்தாண்டு நிதியில் முதல் ஆண்டு நடக்கிறது என்றால் அந்தப் பேராசிரியருக்கு ஆள் தேவைப்பட வாய்ப்பு அதிகம். கடைசி ஆண்டு என்றால் குறைவு. இந்த ஒரு தேடல் நூறு விளம்பரங்களுக்குச் சமம் என்பது என் கருத்து.

பல்கலைக்கழகங்களில் கொலராடோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், டெலவேர், டியூக், யேல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேஃப்கேர் என்ற ஹோம் விசிட்டிங் திட்டத்துக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ, அப்பாச்சி மக்களோடு சேர்ந்து உருவான ஃபேமிலி ஸ்பிரிட் திட்டம் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பழங்குடி நல மையத்தைச் சேர்ந்தது. சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே வருகையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் படிக்க அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை. சிகாகோவின் சேப்பின் ஹால், நியூயார்க்கின் எம்.டி.ஆர்.சி., மேத்தமேட்டிகா, ஜேம்ஸ் பெல் அசோசியேட்ஸ், அர்பன் இன்ஸ்டிட்யூட் போன்ற ஆய்வு நிறுவனங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இதே வேலையைச் செய்கின்றன. அங்கே போஸ்ட்டாக் என்ற பட்டம் இல்லாமல் ஆய்வாளர் என்ற பெயரில் எடுப்பார்கள்.

துறையினர் கூடும் இடங்களும் உண்டு. குழந்தை வளர்ச்சி ஆய்வுச் சங்கம், தடுப்பு ஆய்வுச் சங்கம் ஆகியவற்றின் மாநாடுகளில் உங்கள் ஆய்வைப் பற்றி ஒரு சுவரொட்டி வைத்தால்கூடப் போதும், பேச்சு தொடங்கிவிடும்.

நான்காம் படி: நிதி வழியும் விசாவும்

இந்திய, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

என்.ஐ.எச். தரும் டி32 என்பது நிறுவனத்துக்கான பயிற்சி நிதி. எஃப்32 தனிநபருக்கான உதவித்தொகை. இரண்டுமே அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். கிரீன் கார்டு இல்லாதவர் இவற்றைத் துரத்திக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். என்.ஐ.எச்.-இன் இன்னொரு நிதியான கே99 அப்படியில்லை. வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. வழிகாட்டுதலுடன் ஓரிரு ஆண்டு, பிறகு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்ததும் மூன்று ஆண்டு வரை நிதி. எனவே முதல் ஆண்டிலேயே அதை மனதில் வைத்து வேலையை அமையுங்கள்.

நடைமுறையில் வெளிநாட்டவர் பெரும்பாலோர் சேர்வது பேராசிரியரின் சொந்த ஆய்வு நிதியில் ஊழியராகத்தான். ஊதியத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால், என்.ஐ.எச். உதவித்தொகை 2024 நிதியாண்டில் புதியவருக்கு ஆண்டுக்கு 61,008 டாலர். பல நிறுவனங்கள் இதையே அடிப்படையாக வைத்துக்கொள்கின்றன. பால்டிமோரில் சமாளிக்கலாம். நியூயார்க்கில் குடும்பத்தோடு இருந்தால் இழுபறிதான்.

விசாவில் ஜே1 என்ற பரிமாற்ற வருகை விசாதான் வழக்கமானது. ஆய்வாளர் பிரிவில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். வாழ்க்கைத் துணை தனியாக அனுமதி பெற்று வேலை செய்யலாம். ஆனால் அந்தப் பிரிவில் ஒருமுறை முடித்துத் திரும்பினால் அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள் என்று அவசரமாக ஜே1-இல் போய்விட்டு, பிறகு நல்ல இடம் கிடைத்தபோது தவித்தவர்கள் உண்டு. அரசு நிதியில் போனால் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேரக்கூடும். கையெழுத்திடும் முன் படிவத்தில் அந்த வரியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025-இல் அமெரிக்காவில் பல ஆய்வு நிதிகள் நடுவிலேயே நிறுத்தப்பட்டன. மீக்வி திட்டத்துக்கு 2022-இல் கிடைத்த ஒப்புதலும் 2027 நிதியாண்டு வரைக்கும்தான். ஒரே நாட்டை மட்டும் நம்பியிருக்காமல், ஃபேமிலி நர்ஸ் பார்ட்னர்ஷிப் ஆய்வை நடத்திய பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: முதல் கடிதம்

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓர் ஆண்டு முன்னதாகவே கடிதம் எழுதத் தொடங்குங்கள். மின்னஞ்சல் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரை உங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது, உங்கள் இரண்டு வரிக் கேள்வி, உங்களால் செய்ய முடிந்த ஒரு திறமை, எப்போது வர முடியும். இவ்வளவு போதும். அவருடைய தொகுப்பில் ஏற்கெனவே இருக்கும் தரவிலேயே உங்கள் கேள்வியை ஆராய முடியுமா என்று கேட்டால் பதில் வரும் வாய்ப்பு கூடும், ஏனென்றால் அதற்குப் புதுச் செலவு கிடையாது.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி மறைத்துவிடும் ஒன்று களப்பணி. கிராம சுகாதார செவிலியரோடு நடந்திருக்கிறீர்களா? அங்கன்வாடியில் தாய்மாரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? அதை வெட்கப்படாமல் எழுதுங்கள். இந்தியாவின் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு ஆறு சந்திப்பு, வீட்டில் பிறந்த குழந்தைக்கு ஏழு. 2018-இல் வந்த அடுத்த திட்டம் 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் இன்னும் ஐந்தைச் சேர்த்தது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் தம்பதியர் செய்த வேலை. அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக 1999-இல் லான்செட் வெளியிட்டது. ஒடிசாவின் கிராமங்களில் ஜமைக்கா பாடத்திட்டத்தைத் தழுவி, வீடு வீடாகப் போவதையும் தாய்மாரைக் குழுவாகக் கூட்டுவதையும் ஒப்பிட்டார்கள். 2020-இல் வந்த அதன் முடிவில் இரண்டுமே குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக்கு உதவின, குழுமுறையில் செலவு குறைவு. இதையெல்லாம் அறிந்தவர் அமெரிக்க ஆய்வுக் குழுவுக்குள் புதிய கேள்விகளைக் கொண்டுபோகிறார்.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்புறம் அடுத்தவருக்கு எழுதுங்கள்.

ஆறாம் படி: நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்

என் தோழி ஒருத்தி பெரிய பெயருள்ள இடத்தில் சந்தோஷமாகச் சேர்ந்தாள். போன பிறகுதான் அந்த நிதி எட்டே மாதத்தில் முடிகிறது என்று தெரிந்தது. யாரும் ஏமாற்றவில்லை, இவள் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: என் ஊதியத்துக்கான நிதி எந்தத் தேதியில் முடிகிறது? தரவு இப்போது கையில் இருக்கிறதா, இனிமேல்தான் சேகரிக்க வேண்டுமா? முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுத முடியும்? வாரத்தில் எத்தனை நாள் என் சொந்தக் கேள்விக்கு? உங்களிடம் முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இப்போது எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் அவர்களில் ஒருவரிடம் தனியாகப் பேசிப் பாருங்கள்.

குழுவுக்கும் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கும் உறவு எப்படி என்றும் விசாரியுங்கள். வருகையாளர்களை வெறும் தரவு சேகரிப்பவர்களாக நடத்தும் குழுக்களும் உண்டு, கேள்வியை வடிவமைக்கும்போதே அவர்களை உட்காரவைத்துப் பேசும் குழுக்களும் உண்டு. நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், கட்டுரை வெளிவர ஓராண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

எங்கும் இடம் அமையாவிட்டால் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. மைஹோப் தரவு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுள்ள காப்பகத்தில் கட்டுப்பாடுகளுடன் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. அங்கு விண்ணப்பித்துப் பெற்று ஒரு நல்ல கட்டுரை எழுதினால் அடுத்த கடிதத்தின் கனம் மாறிவிடும்.

ஏழாம் படி: முதல் ஆறு மாதம்

போனதும் மனித ஆய்வு நெறிமுறைப் பயிற்சியும் பின்னணிச் சரிபார்ப்பும் இருக்கும். ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். கிராமப்புற மாவட்டங்களில் கார் இல்லாமல் களம் பார்க்கவே முடியாது. குழந்தைக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் எழுந்தால் புகார் செய்யும் சட்டக் கடமை உங்களுக்கு உண்டா என்பதை அந்த மாநிலத்தின் சட்டப்படி முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தாயிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்திலும் அது தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் நம்பிச் சொன்னதை நாம் வெளியே சொன்னதாக ஆகிவிடும்.

பிறகு ஒரு வருகையாளரோடு போக அனுமதி கேளுங்கள். புள்ளிவிவரம் மட்டும் செய்யச் சேர்ந்தவராக இருந்தாலும் கேளுங்கள். குறைந்தது நான்கைந்து வீடுகளாவது பாருங்கள். தாயிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கச் சொல்லுங்கள், வாசலில் வைத்துக் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. வருகையாளர் செருப்பைக் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள், அவர் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்க வேண்டாம். தாய் யாரைப் பார்த்துப் பேசுகிறார், எப்போது பேச்சு நின்றுபோகிறது, குழந்தை அழும்போது யார் முதலில் எழுந்திருக்கிறார் என்று கவனியுங்கள். காருக்குத் திரும்பியதும், அடுத்த வீட்டுக்குக் கிளம்பும் முன், நினைவில் இருப்பதை அப்படியே எழுதி வையுங்கள்.